கணினிக் கேள்வி–பதில்: வெப் சர்வருக்குள் மோதிக்கொள்ளும் த்ரெட் லைப்ரரிகள்

மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில், வெப் சர்வரை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்வது, அதாவது ஓடும் நிரலாகக் கட்டுவது, பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்கள் வெவ்வேறு பணிகளில் இருப்பவர்கள் என்றாலும், எல்லோருக்கும் சிக்கல் எழுந்த இடம் ஒன்றுதான்: ஒரே புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) பல த்ரெட்கள் (ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து இணையாக நடக்கும் செயலோட்டங்கள்) ஓடும்போது, அந்தப் புராசஸில் ஏறியிருக்கும் லைப்ரரிகள் (பல நிரல்களும் பயன்படுத்தும் ஃபங்ஷன் தொகுப்புகள்) எல்லாம் அதற்கு உடன்பட்டவையா என்பது.

கேள்வி: நிலக்கோட்டைப் பகுதி மல்லிகை விவசாயிகளுக்காக, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் அன்றாட விலையைக் காட்டும் சிறிய இணையதளத்தை 2 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் நடத்தி வருகிறேன். அப்பாச்சி 2.4 வெப் சர்வரையும், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி 8 மொழியையும் நானே கம்பைல் செய்தேன். முகூர்த்த நாளுக்கு முந்தைய காலைகளில் கூட்டம் தாங்காததால், ப்ரீஃபோர்க் முறையிலிருந்து ஈவென்ட் முறைக்கு மாற்றினேன். அதிலிருந்து சர்வர் எழ மறுக்கிறது. அப்பாச்சி த்ரெட் முறையில் ஓடுகிறது, பிஎச்பி மாட்யூலோ (சர்வருக்குள் ஏறும் இணைப்புப் பகுதி) த்ரெட் பாதுகாப்புடன் கம்பைல் செய்யப்படவில்லை, ஆகவே பிஎச்பி-யை மறுபடி கம்பைல் செய்யுங்கள் என்று செய்தி வருகிறது. மறுபடி கம்பைல் செய்தால் போதுமா?
— இணையதள நிர்வாகி, நிலக்கோட்டை

பதில்: சர்வர் எழுந்துவிடும், ஆனால் உங்கள் தேவைக்கு அது சரியான வழி அன்று என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வருகிற இணைப்புகளை எப்படிப் பங்கிடுவது என்பதை அப்பாச்சியில் எம்பிஎம் என்ற பகுதி தீர்மானிக்கிறது. ப்ரீஃபோர்க் முறையில் ஓர் இணைப்புக்கு ஒரு புராசஸ். வொர்க்கர், ஈவென்ட் ஆகிய முறைகளில் ஒவ்வொரு புராசஸுக்குள்ளும் பல த்ரெட்கள் ஓடும். மாற்றாமல் விட்டால் ஒரு புராசஸுக்கு 25. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 2.2 வரை ப்ரீஃபோர்க்கே இயல்பாக இருந்தது. 2012-இல் வெளிவந்த 2.4, இயங்குதளம் த்ரெட்களைச் சரிவரத் தாங்கினால் ஈவென்ட்டையே தானாகத் தேர்ந்துகொள்கிறது. பழைய கையேடுகளை வைத்துக் கம்பைல் செய்பவர்கள் பலர் தடுமாறுவது இந்த மாற்றத்தினால்தான்.

பிஎச்பி-க்கும் இரண்டு கட்டுமானங்கள் உண்டு. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் குழம்பாத த்ரெட் பாதுகாப்பு உள்ளது ஒன்று, இல்லாதது மற்றொன்று. அப்பாச்சி மாட்யூலாகக் கட்டும்போது பிஎச்பி-யின் கட்டுமான விருப்பங்களை அமைக்கும் கான்ஃபிகர் நிரல், அந்த நேரத்தில் அப்பாச்சி எந்த எம்பிஎம்-இல் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்து, த்ரெட் முறை என்று தெரிந்தால் பாதுகாப்பைத் தானே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கட்டிய நாளில் ப்ரீஃபோர்க் இருந்தது. ஆகவே அது சேர்க்கவில்லை. பிறகு எம்பிஎம்-ஐ மட்டும் மாற்றினீர்கள். பிஎச்பி பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. உங்கள் சிக்கலின் மூலம் இவ்வளவுதான்.

உறுதிசெய்து கொள்ள, அப்பாச்சியின் எச்டிடிபிடி நிரலைப் பெரிய எழுத்து ‘வி’ சேர்த்து ஓட்டினால், எம்பிஎம்-இன் பெயரும் அது த்ரெட் முறையா என்பதும் தெரியும். பிஎச்பி இன்ஃபோ பக்கத்தில் ‘த்ரெட் சேஃப்டி’ என்ற வரி இருக்கும். ஆனால் அந்த வரியைக் கட்டளைத் திரையில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கட்டளைத் திரையில் ஓடும் பிஎச்பி வேறு, அப்பாச்சிக்குள் ஏறும் பிஎச்பி வேறாக இருப்பது மிகவும் சாதாரணம். லினக்ஸ் விநியோகத்தோடு (இயங்குதளத் தொகுப்போடு) வந்த ஒன்றும் நீங்கள் கட்டிய ஒன்றும் ஒரே கணினியில் அருகருகே இருக்கக்கூடும். அப்பாச்சியைத் தற்காலிகமாக ப்ரீஃபோர்க்குக்குத் திருப்பி, உலாவி வழியாகவே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இனி வழிகள். முதல் வழி, பிஎச்பி-யை த்ரெட் பாதுகாப்புடன் மறுபடி கட்டுவது. பிஎச்பி 8-இல் இதற்கான விருப்பம் ‘எனேபிள்-இசட்டிஎஸ்’. 7 வரிசையில் அதுவே ‘எனேபிள்-மெயின்டெய்னர்-இசட்டிஎஸ்’ என்று இருந்தது. விருப்பத்தை மாற்றிய பிறகு முந்தைய கட்டுமானத்தின் மிச்சங்களோடு மேக் செய்யாதீர்கள். ‘மேக் டிஸ்ட்கிளீன்’ கொடுத்தோ, மூல நிரலைப் புதிய அடைவில் விரித்தோ தொடங்குங்கள். முன்பு கொடுத்த விருப்பங்கள் மறந்துபோயிருந்தால் ‘கான்ஃபிக் டாட் நைஸ்’ என்ற கோப்பில் அவை அப்படியே இருக்கும். துடைப்பதற்கு முன் அதை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். நீங்கள் தனியாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் (பிஎச்பி-க்கான கூடுதல் பகுதிகள்) ஒவ்வொன்றையும் இதே பாதுகாப்புடன் திரும்பக் கட்ட வேண்டும். கட்டாதவற்றை, கட்டுமான அடையாளம் பொருந்தவில்லை என்று சொல்லி பிஎச்பி ஏற்க மறுத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கவலை எஞ்சுகிறது, அதுதான் பெரியது. பிஎச்பி தன்னளவில் த்ரெட்களுக்குத் தயாராகிவிட்டாலும், அது பின்னால் அழைக்கும் சி லைப்ரரிகள் எல்லாம் தயார் என்று யாரும் உறுதி தர முடியாது. மொழி அமைப்பை மாற்றும் ‘செட்லோக்கேல்’ போன்றவை புராசஸ் முழுவதற்கும் பொதுவானவை. ஒரு த்ரெட்டில் ஒருவர் தமிழ் அமைப்பைத் தேர்ந்தால், அதே நொடியில் அடுத்த த்ரெட்டில் விலையை அச்சிட்டுக்கொண்டிருக்கும் மற்றொருவரின் பக்கத்திலும் அது பாயும். த்ரெட் முறையிலான அப்பாச்சியில் பிஎச்பி-யை மாட்யூலாக ஓட்டுவதை பிஎச்பி-யின் கையேடே உற்பத்திச் சூழலுக்குப் பரிந்துரைக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது வழி, ப்ரீஃபோர்க்குக்கே திரும்புவது. பாதுகாப்பானது, ஆனால் நீங்கள் எதற்காக மாற்றினீர்களோ அந்தக் குறை அப்படியே நிற்கும். கைப்பேசியில் விலை பார்க்கும் ஒரு விவசாயியின் இணைப்பு, பக்கம் வந்து சேர்ந்த பிறகும், கீப்அலைவ் காரணமாக இயல்பாக 5 நொடிகள் திறந்தே இருக்கும். ப்ரீஃபோர்க்கில் அந்த 5 நொடிகளுக்கும் பிஎச்பி-யைச் சுமந்த ஒரு முழுப் புராசஸ் சும்மா காத்திருக்கிறது. ஒன்று தனக்கென 40 எம்பி எடுத்துக்கொண்டால், 50 புராசஸ்களிலேயே உங்கள் 2 ஜிபி நிறைந்துவிடும். ஈவென்ட் முறையில் சும்மா இருக்கும் இணைப்புகளைக் கவனிப்புக்கென உள்ள ஒரு த்ரெட் தன்வசம் வைத்துக்கொண்டு, வேலை வந்தால் மட்டும் மற்ற த்ரெட்களிடம் ஒப்படைக்கிறது. அதிகாலை விலை பார்க்கும் கூட்டத்துக்கு ஈவென்ட் பொருத்தமே. நீங்கள் எடுத்த முடிவு சரியானது.

ஆகவே ஈவென்ட்டை வைத்துக்கொண்டு, பிஎச்பி-யை அப்பாச்சியின் புராசஸிலிருந்து வெளியே எடுத்துவிடுவதே நான் சொல்லும் மூன்றாவது வழி. பிஎச்பி-யைத் தனிப் புராசஸ்களில் ஓட்டுவதற்கென உள்ள எஃப்பிஎம், 2010-இல் வந்த 5.3.3 முதல் பிஎச்பி-யோடே கிடைக்கிறது. ‘எனேபிள்-எஃப்பிஎம்’ விருப்பத்துடன் கட்டுங்கள். த்ரெட் பாதுகாப்பு வேண்டியதில்லை. அப்பாச்சியில் ப்ராக்ஸி, ப்ராக்ஸி-எஃப்சிஜிஐ என்ற இரு மாட்யூல்களையும் இயக்கி, பிஎச்பி கோப்புகளை ‘செட்ஹேண்ட்லர்’ வழியாக எஃப்பிஎம்-இன் யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு (ஒரே கணினியின் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனைக்கு) அனுப்புங்கள்; 2.4.10 முதல் இது நேரடியாக இயலும். பழைய பிஎச்பி மாட்யூலை ஏற்றும் வரி அமைப்புக் கோப்பில் இருந்தால் நீக்க வேண்டும், இல்லையென்றால் அதே பிழை திரும்ப வரும். டாட் எச்டிஅக்செஸ் கோப்புகளில் ‘பிஎச்பி வேல்யூ’ என்று தொடங்கும் வரிகள் இருந்தால் இனி அவை 500 பிழையைத் தரும். அவற்றை எஃப்பிஎம்-இன் அமைப்புக்கு மாற்றுங்கள். எஃப்பிஎம் புராசஸ்களின் உச்ச எண்ணிக்கையை 20-க்கு அருகில் வைத்துத் தொடங்கி, நினைவகத்தைக் கவனித்து உயர்த்தலாம். இப்போது காத்திருக்கும் இணைப்பு எவ்வளவு வந்தாலும் அது பிஎச்பி-யின் தலையில் ஏறாது. பிஎச்பி-க்குள் ஒரு லைப்ரரி சரிந்தாலும் ஒரு புராசஸோடு போகும். அதே புராசஸில் பங்கு கொண்டிருந்த மற்ற 24 பேரின் இணைப்புகளை அது இழுத்துக்கொண்டு விழாது.

கேள்வி: கிழக்கு மாசி வீதியில் உள்ள மொத்த வியாபாரக் கடை ஒன்றின் இருப்புக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் புதிய பதிப்பை யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவில் தனியே நிறுவி, அதனோடு அப்பாச்சியைக் கட்டினேன். எச்டிடிபிடி நிரலின்மீது, லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டினால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைத் தொடும் பக்கங்களில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகத்தைத் தவறாகத் தொட்டுப் புராசஸ் சரிவது) வருகிறது. மாட்யூல்கள் ஏறும் வரிசையை மாற்றினால் சில நாட்கள் சரியாகிப் பின் திரும்பவும் வருகிறது.
— மென்பொருள் பராமரிப்பாளர், மதுரை

பதில்: எல்டிடி பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் அதனிடம் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எச்டிடிபிடி நிரல் எழும்போதே தேவைப்படும் லைப்ரரிகளை மட்டுமே அது பட்டியலிடும். மாட்யூல்களோ சர்வர் எழுந்த பிறகு ஏறுகின்றன. அவை தத்தம் லைப்ரரிகளையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. பிஎச்பி-யின் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் லிப்பிக்யூ என்ற லைப்ரரியை அழைக்கிறது. விநியோகத்தோடு வந்த லிப்பிக்யூ, விநியோகத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ அழைக்கிறது. அப்பாச்சியின் மறையாக்க மாட்யூலான உங்கள் மாட்-எஸ்எஸ்எல் யூஎஸ்ஆர்-லோக்கலில் உள்ளதை அழைக்கிறது. ஒரு புராசஸுக்குள் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் வந்துவிட்டன என்றே ஐயப்பட வேண்டியிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கும் இடம் ப்ராக் அடைவு. பழுதான பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சிப் புராசஸின் எண்ணுக்குரிய அடைவில் ‘மேப்ஸ்’ என்ற கோப்பைப் படியுங்கள். அதில் உண்மையில் ஏறியிருக்கும் ஒவ்வொரு லைப்ரரியின் முழுப் பாதையும் இருக்கும். ஒரே பாதை பல வரிகளில் வருவது இயல்பு. ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் பகுதியான லிப்கிரிப்டோ என்ற பெயர் இரண்டு வேறு பாதைகளில் தென்பட்டால்தான் நோய் அது.

இரண்டு லைப்ரரிகளின் பதிப்பு எண்கள் ஒன்றாக இருந்தால், முதலில் ஏறியதே போதும் என்று, லைப்ரரிகளை ஏற்றும் லோடர் இரண்டாவதை ஏற்றாது. பின்னால் வருபவர் தனக்குப் பழக்கமில்லாத கட்டுமானத்தோடு வேலை செய்ய நேரும். எண்கள் வேறாக இருந்தால் இரண்டும் ஏறும். அப்போது ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கும். அப்பாச்சி தன் மாட்யூல்களை எல்லோருக்கும் பொதுவான பெயர்வெளியில் ஏற்றுவதால், முதலில் ஏறியவரின் ஃபங்ஷனை மற்றவர் அறியாமல் அழைத்துவிடக்கூடும். ஒரு பதிப்பு உருவாக்கிய நினைவக அமைப்பை மற்றொரு பதிப்பு வேறு அளவில் படிக்கும்போது புராசஸ் சரிகிறது. மாட்யூல் வரிசையை மாற்றியதும் சரியானதுபோல் தோன்றியது இதனால்தான். யார் முந்துகிறார் என்பது மாறியதே தவிர, மோதல் தீரவில்லை. வரிசையை மாற்றுவதை மருந்தாகக் கொள்ள வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை அது வியாபாரம் நடக்கும் நேரத்தில் விழும்.

உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்-களில் ஒன்று 1.0 வரிசையைச் சேர்ந்தது என்றால் நிலைமை இன்னும் கடினம். 2016-இல் வந்த 1.1.0-க்கு முன்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் த்ரெட்களுக்கான பூட்டுகளை (ஒன்றை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பவற்றை) தானே பார்த்துக்கொள்ளாது. அதைப் பயன்படுத்தும் நிரல்தான் பூட்டும் ஃபங்ஷனைப் பதிவு செய்து தர வேண்டும். மாட்-எஸ்எஸ்எல் ஒன்றைப் பதிவு செய்யும், லிப்பிக்யூவும் ஒன்றைப் பதிவு செய்யும். பதிவு செய்த மாட்யூல், சர்வர் மென்மையாக மறுதொடக்கம் ஆகும்போது இறங்கிவிட்டால், பதிவில் எஞ்சும் முகவரி எங்கும் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். 1.1.0 முதல் பூட்டுகள் லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டன. ஃபங்ஷன் பெயர்களோடு பதிப்புக் குறியும் சேர்ந்துவிட்டது. 1.0 வரிசைக்கான பொது ஆதரவு 2019-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்பதால், வியாபாரக் கணக்கு இருக்கும் கணினியில் அதை வைத்திருக்கவே கூடாது.

தீர்வு, புராசஸில் ஏறும் அனைவரையும் ஒரே ஓப்பன்எஸ்எஸ்எல்-க்குக் கொண்டுவருவது. விநியோகம் தரும் பதிப்பு போதுமென்றால் அதனோடே அப்பாச்சியைக் கட்டிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும், கடைக்கு அதுதான் நல்லது. புதியதுதான் வேண்டும் என்றால் லிப்பிக்யூ, கர்ல், பிஎச்பி அனைத்தையும் அதே யூஎஸ்ஆர்-லோக்கல் பதிப்போடு கட்டியாக வேண்டும். அப்போது பாதையை ‘ஆர்பாத்’ ஆக நிரலுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். எல்டி-லைப்ரரி-பாத் என்ற சூழல் மாறியை நம்ப வேண்டாம். நீங்கள் கையால் தொடங்கும்போது அது இருக்கும், மின்சாரம் போய் வந்து சர்வர் தானாக எழும்போது இல்லாமல் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் த்ரெட் நிரல்களைக் கம்பைல் செய்ய பிட்ரெட் என்ற த்ரெட் லைப்ரரியை இணைக்கும் ‘எல்பிட்ரெட்’ விருப்பத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. புதிய கணினிகளில் அது இல்லாமலும் கம்பைல் ஆகிறது. மாணவர்கள் காரணம் கேட்கிறார்கள். மேலும், மடிக்கணினியில் கட்டிய அப்பாச்சியைக் கல்லூரியின் பழைய சர்வரில் வைத்தால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 காணவில்லை என்கிறது.
— கணினி அறிவியல் ஆசிரியை, திருப்பரங்குன்றம்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, அதுவரை தனியாக இருந்த பிட்ரெட் லைப்ரரியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பழைய பெயரில் எஞ்சியிருப்பது பழைய நிரல்களை ஏமாற்றாமல் இருப்பதற்கான கூடு மட்டுமே. அப்படிச் சேர்ந்த ஃபங்ஷன்கள் 2.34 என்ற பதிப்புக் குறியோடு நிரலில் பதிகின்றன. ஆகவே உபுண்டு 22.04-இல் (அதில் 2.35) கட்டிய அப்பாச்சி, 2.31 உள்ள 20.04-இல் ஓடாது. ஓட வேண்டிய கணினிகளில் பழையது எதுவோ அதில் கட்டுங்கள், புதியதில் அது ஓடும். குறிப்பேட்டில், கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் ‘மைனஸ் பிட்ரெட்’ என்ற கொடியைக் கொடுக்கும்படி திருத்துங்கள். பழையதிலும் புதியதிலும் அது சரியானதைச் செய்யும்.

த்ரெட் லைப்ரரி ஒன்றுக்கு மேற்பட்டு இருந்த காலத்தையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னலோடு என்பிடிஎல் என்ற புதிய த்ரெட் அமைப்பு நிலைபெறும் வரை, லினக்ஸ்த்ரெட்ஸ் என்ற பழைய அமைப்பில் ஒவ்வொரு த்ரெட்டும் தனிப் புராசஸ் எண்ணோடு தெரிந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 5 காலத்தில் ஒரே கணினியில் மூன்று த்ரெட் லைப்ரரிகள் இருந்தன. அப்பாச்சி ஒன்றோடும் அதன் மாட்யூல் மற்றொன்றோடும் இணைந்துவிட்டால் சர்வர் நிலைக்காது. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைத் தரும்படி லோடரிடம் சொல்ல ‘லிப்மேப்’ அமைப்புக் கோப்பு அங்கே பயன்பட்டது. 2008-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 7 அவற்றில் லிப்திஆர் என்பதையே இயல்பாக்கியது.

கேள்வி: வருகையாளரின் பெயரையும் நேரத்தையும் காட்டி, மொத்த வருகையை எண்ணும் சிறிய அப்பாச்சி மாட்யூலை சி மொழியில் எழுதினேன். ப்ரீஃபோர்க்கில் நன்றாக ஓடியது. ஈவென்ட்டில் எப்போதாவது ஒருவருக்கு மற்றொருவரின் பெயர் தெரிகிறது, எண்ணிக்கையும் குறைகிறது. கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.
— பொறியியல் மாணவர், மேலூர்

பதில்: இதை அழகியல் குறை என்று எண்ணிவிடாதீர்கள் தம்பி. ஒருவரின் பெயர் மற்றவருக்குத் தெரிவது தனியுரிமை மீறல்; சரிசெய்யும் வரை அந்த மாட்யூலைப் பொதுப் பயன்பாட்டில் வைக்காதீர்கள்.

ஏலக் கடையில் ஒரே சிலேட்டில் பல கணக்கர்கள் அழித்து அழித்து எழுதினால், ஒருவர் எழுதிய எடையை மற்றவர் தன் வாடிக்கையாளருக்குப் படித்துவிடுவார். உங்கள் மாட்யூலில் அந்தச் சிலேட்டு, ஸ்டாடிக் (புராசஸ் முழுவதற்கும் ஒரே நினைவக இடம்) என்று அறிவிக்கப்பட்ட இடமாகத்தான் இருக்கும். ப்ரீஃபோர்க்கில் ஒவ்வொரு புராசஸுக்கும் அதன் தனி நகல் இருந்ததால் தவறு வெளியே வரவில்லை. நீங்கள் அறிவிக்காத சிலேட்டுகளும் உண்டு: ‘ஸ்ட்ர்டாக்’, ‘லோக்கல்டைம்’ போன்ற பழைய சி ஃபங்ஷன்கள் தமக்குள் ஒரே இடத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே தருகின்றன. அவற்றுக்குப் பதிலாக அப்பாச்சியின் ஏபிஆர் லைப்ரரி தரும் ‘ஏபிஆர்-ஸ்ட்ர்டாக்’, ‘ஏபிஆர்-டைம்-எக்ஸ்ப்-எல்டி’ ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். வருகையாளருக்குரிய எதையும் அந்தக் கோரிக்கையின் பூல்-இல் (அதற்கென உள்ள நினைவகத் தொகுப்பில்) ஒதுக்குங்கள். கோரிக்கை முடிந்ததும் அது தானே விடுபடும். ஒரு பூல்-ஐ இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதும் கூடாது.

எண்ணிக்கை வேறு விஷயம். ஒன்றைக் கூட்டுவது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என்று மூன்று செயல்கள். இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணைப் படித்துவிட்டால் ஒரு வருகை தொலைந்துவிடும். ஒரு புராசஸுக்குள் ‘ஏபிஆர்-அட்டாமிக்-இன்க்32’ போதும். ஆனால் அப்பாச்சியில் பல புராசஸ்கள் இருப்பதால், ப்ரீஃபோர்க்கிலும்கூட உங்கள் மொத்தம் உண்மையான மொத்தமாக இருந்திருக்க முடியாது. எண்ணைப் பகிர்நினைவகத்தில் வைத்து, குளோபல் மியூடெக்ஸ் (எல்லாப் புராசஸ்களுக்கும் பொதுவான பூட்டு) கொண்டு காத்து, ஒவ்வொரு சைல்டு புராசஸும் தொடங்கும்போது அந்த மியூடெக்ஸுடன் மறுபடி இணையும்படி எழுதுங்கள்.

கம்பைலர் எச்சரிக்காதது இயல்பே. இலக்கணப்படி உங்கள் நிரலில் பிழையில்லை. வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட் கருவியின்கீழ் சர்வரை ஒரே சைல்டு புராசஸோடு ஓட்டி, அப்பாச்சியோடு வரும் ‘ஏபி’ நிரலால் 50 இணைப்புகளை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். பூட்டில்லாமல் இரண்டு த்ரெட்கள் தொடும் இடங்களை அது வரி எண்ணோடு காட்டும். வரி எண் தெரிய, மாட்யூலை ‘மைனஸ் ஜி’ கொடியுடன் கம்பைல் செய்திருக்க வேண்டும். அப்பாச்சிக்கே உரிய சில வரிகளும் பட்டியலில் வரக்கூடும்; உங்கள் கோப்பின் பெயர் உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள்.